தாழ்ப்பாளின் உயரம்

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி

என்னங்க,

நீங்கள் சமையல் வேலை பார்க்கும் கப்பலில் ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கும் பால்கனி அறைகளின் படம் வந்தது. மூன்று நாளாகப் பார்க்கிறேன். நீச்சல்குளத்துக்கு அடியில் இருக்கும் அறை வேண்டாம். மேலே நாற்காலி இழுக்கிற சத்தத்தில் பாப்பா விழித்துக்கொள்வாள்.

அப்பாவிடம் காட்டினேன். பெண் கால் பட்டால் ஆகாதென்று என்னைத் தன் படகில் ஒருநாளும் ஏற்றாதவர், கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார்.

"முன்பக்கம் தூக்கிப் போடும். பின்னால இன்ஜின் அதிரும். நடுவுல, கீழ் மாடியா எடு. கொழந்த வாந்தி எடுக்காது."

"அப்ப நான் ஏறலாமாப்பா?"

"அது படகா என்ன? ஒரு தெருவே மெதக்குது, போ."

படத்தில் பால்கனி அறைகள் ஐந்தாம் மாடியிலிருந்துதான் தொடங்குகின்றன; அதனால் அந்த மாடியில் நடு அறையையே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள். பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் எவ்வளவு உயரம்? நீங்கள் போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசல் கதவைத் திறந்துவிடுகிறாள். திறந்து, தெருவில் போகிறவர்களைக் காட்டி, "அப்பா இவரா?" என்று கேட்கிறாள்.

நாங்கள் கப்பல் ஏறும்போது வேறு யாரையும் அனுப்பாதீர்கள். நீங்களே வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா