மேடையில் இரண்டு பேர்

செப்டம்பர் 9
பரிசோதனைக் கூடத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தம் கொடுக்க வந்த பெரியவர், "டிவில பாத்தேனே! கண்ணு தெரியாத பொண்ணு கையோட கயிறு கட்டிக்கிட்டு ஓடினது நீங்கதானே?" என்றார். நான்தான். வெள்ளிப் பதக்கம். இன்னும் நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 12
அரசு பரிசுத்தொகை அறிவித்துவிட்டது. வாலுவுக்குப் பெரிய தொகை. (என்னோடு ஓடுகிற அந்தப் பெண்ணை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், வாய் அப்படி.) அவள் அம்மா போனில் அழுதார்: "இனி சொந்த வீடும்மா." என் வயிறு குளிர்ந்தது.

வீட்டில் இவர் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "உன் பேரே இல்லையே?" என்றார். துணை ஓட்டக்காரருக்கு விதியில் இடமில்லையாம். பரவாயில்லை என்றேன்.

பரவாயில்லையா? பொய். சம்பளமில்லா விடுப்பு, பிள்ளையை இவர் தலையில் கட்டிவிட்டு ஓடினது — ச்சே, என்ன நினைப்பு இது.

செப்டம்பர் 13
"பாதி உங்களுக்குத்தான்" என்று வாலு கத்தினாள். வேண்டவே வேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 20
பாராட்டு விழா. ஓர் அதிகாரி என் காதோரம், "மேல கொண்டுபோய் விட்டுட்டு நீங்க இறங்கிடுங்கம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தலையாட்டினேன்.

படியேறும்போது வாலு கைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் மணிக்கட்டில் மாட்டினாள் — ஓட்டக் கயிறு! நான் இறங்கப் பார்க்கிறேன், இழுக்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. ஐயோ, மானத்த வாங்குறியேடி!

மைக்கில் சொன்னாள்: "கோட்டத் தாண்டுறதுக்கு முன்னாடி கயித்த விட்டா எங்கள போட்டிலேருந்தே தூக்கிடுவாங்க. செக் இன்னும் கைக்கு வரல. எப்படி விடுறது?"

செக்கோடு நின்ற அமைச்சர் திருதிருவென்று விழித்தார். பிறகு அவர்தான் முதலில் கைதட்டினார். இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். ஆசைப்பட்டேன் என்பதே இன்றுதான் தெரிந்தது.

ஜனவரி 15
விதியை மாற்றிவிட்டார்கள். இனி துணை ஓட்டக்காரருக்கும் பரிசு. 'இனி'தான், எனக்குக் கிடையாது. வாலு திட்டித் தீர்த்தாள். எனக்கென்னவோ இனிப்பு வாங்கத் தோன்றியது. வாங்கினேன்.

ஏப்ரல் 4
பயிற்சியில் கயிறு முன்னால் இழுத்தது. அவள் என்னை இழுக்கிறாள்! பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 5
நானே சொன்னேன். "உனக்கு இனி என்னைவிட வேகமான ஆள் வேணும்டி." அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வர்றவ நான் சொல்ற ஜோக்குக்குச் சிரிப்பாளா?" என்றாள்.

ஆகஸ்ட் 28
வாலுவுக்குத் தங்கம்! கூடத்தில் ஊசி, குப்பி எல்லாம் அப்படியே கிடக்க, டிவி முன்னால் குதித்தோம். கத்திக் கத்தி எனக்குக் குரலே போய்விட்டது.

ஆகஸ்ட் 30
பரிசு அறிவிப்பில் இரண்டு பெயர்கள். வாலுவோடு புதிதாக ஓடிய பெண் போனில் கூப்பிட்டாள். "வேலைய விட்டுட்டுத்தான்க்கா இதுக்கு வந்தேன். உங்களாலதான் எனக்கும் குடுக்கறாங்க. ரொம்ப நன்றிக்கா."

"எனக்கெதுக்கும்மா நன்றி?" என்றேன்.

பின்னாலிருந்து வாலு கத்தினாள்: "அதையாவது வாங்கிக்கோங்களேன்!"

வாங்கிக்கொண்டேன்.