எழுத்து தேய்ந்த என்ஜின்

பலாபத்வல

அன்பு மகன் ஷிஃபானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாலந்தாவிலிருந்து விஜேகோன் மாத்தயா முந்தாநாள் வந்து, பேசி வைத்திருந்த டிராக்டர் என்ஜினை வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டார். இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், அல்ஹம்துலில்லாஹ், மெல்பேர்னில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், எனக்குத்தான் வயிறு எரிகிறது. ஃபோனில் சொன்னால் இடையில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்க வாசி.

மினுக்கினால் விலை கூடும் என்று உன் மச்சான் அன்ஸாபுக்கு வீடியோ அனுப்பியது நீதானே? நான் கடையில் இல்லாத நேரம் பார்த்து அவன் கிரைண்டர் மெஷினால் என்ஜின் பிளாக்கை வெளியே முழுக்கத் தேய்த்து வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டான். வார்ப்பில் எழும்பி நின்ற நம்பரும் எழுத்தும் போயே போச்சு. மாத்தயா விரலால் தடவித் தேடிவிட்டு, நோனா, நான் கேட்டது என்ஜின், நீங்க கல்யாண வீட்டுச் சோத்துச் சஹன் மாதிரியில்ல மினுக்கி வெச்சிருக்கீங்க என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தக் காலத்து ஃபெக்டரியில் மண் அச்சில் இரும்பை உருக்கி ஊற்றினார்கள், மண்ணின் சொரசொரப்பையும் அச்சு சேர்ந்த இடத்து வரம்பையும் அப்படியே விட்டார்கள், ஒன்றோடொன்று பொருந்துகிற முகத்தை மட்டும்தான் மெஷினில் சீவினார்கள். சிலிண்டருக்குள்கூட எண்ணெய் பிடித்து நிற்கக் குறுக்குமறுக்காகக் கீறல் போட்டார்கள். எல்லாம் பூட்டிய பிறகு போல்ட்டோடு சேர்த்து ஒரே பெயின்ட். பழைய டிராக்டரை ஃபெக்டரியில் வந்த மாதிரியே திருத்தி வைக்கிற மாத்தயாவுக்கு அப்படியே வேணும். துருவுக்கு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும், கிரைண்டர் தின்ற எழுத்தை நீ வீடியோவில் அனுப்புவாயா? நம்பர் இல்லாத பிளாக்கைக் கண்டால் களவுச் சாமான் என்றுதானே எவனும் நினைப்பான். தலையில் பழைய இரும்பு சுமந்து கடை போட்டவள் நான், அந்தப் பேர் எனக்கு வேண்டாம். அன்ஸாப் என் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்கிறான், அவன் பெண்சாதி, உன் தங்கச்சி றுஸ்னா, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கறிச்சட்டியோடு நிற்கிறாள்.

இன்று காலை நானே நாலந்தாவுக்குப் போய்ப் பேசினேன். அதே மாதிரி பிளாக் ஒன்று பல்லேகமயில் ஒரு வீட்டு வேலியோரம் எழுத்தோடு கிடக்கிறது, அதை வாங்கி மாற்றித் தருகிறேன் என்றேன். அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியும் பரக்கத்தும் தரட்டும், தொழுகையை விடாதே, வீடியோ அனுப்புவதை விடு. மாத்தயாவோடு முடிவானது இதுதான்: பழைய விலையே, லொறிக் கூலியும் உள்சாமானை அதில் மாற்றிப் பூட்டும் செலவும் நம்முடையது, கடையில் யாரும் கிரைண்டரைத் தொடக்கூடாது, அவர் வந்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் காசு.

உம்மா,
மஸூதா