பூச்செண்டும் இரும்புச் செருப்பும்

லண்டன், ஜூன் 1930

அன்புள்ள அப்பாவுக்கு ஐவி எழுதுவது. நான் நலம், எலும்பெல்லாம் முழுசாக இருக்கிறது. பட்டறைப் புகையில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

இனி இங்கே நான் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்ட முடியாது. வேறொரு பெண் விழுந்து தோளை ஒடித்துக்கொண்டாள். மறுநாளே மைதான மேலாளர் பாஸ்கோ என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே பொம்பளைங்க ஓட்டக் கூடாதும்மா. சனிக்கிழமை நல்ல கவுனாப் போட்டுக்கிட்டு வந்து, ஜெயிச்சவருக்குப் பூச்செண்டு குடு."

"போன வாரம் நாலு ஆம்பளைங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனீங்களே, அவங்க?"

"அவங்க ஆம்பளைங்க."

அந்த நாலு பேரில் மூன்று பேரை நான் முந்தியிருக்கிறேன் அப்பா! பிரேக்கே இல்லாத வண்டியை, வளைவில் இடது காலைத் தரையில் தேய்த்துத் திருப்பி முந்தினேன். நம் ஊர் மெயிட்லாண்ட் பந்தயத் திடலில் கற்றதை இவர் யார் வேண்டாமென்று சொல்ல?

கவுன் போட்டுக்கொண்டுதான் போனேன். இடது காலில் மட்டும், வளைவில் தரையில் தேய்க்க நீங்கள் அடித்துக் கொடுத்த இரும்புச் செருப்பு. மேடையில் டங் டங்கென்று ஏறியதும் கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. பூச்செண்டைக் கொடுத்தேன். பாஸ்கோ, "சமத்துப் பொண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டினார். வளைவில் ஊன்றுவதுபோல் இடது காலை அவர் பாதத்தின்மேல் ஊன்றினேன்.

மற்றபடி விசேஷமில்லை. யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். பதில் கடிதத்தில் உங்கள் விரல் கரி பட்டால் துடைக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
ஐவி

பி.கு. கவலைப்படாதீர்கள், செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.