நூற்று நாற்பது மீட்டர்

பச்சாவ் அருகே, கட்ச்
14.9.2001

அக்கா வெங்கடலட்சுமிக்கு,

தமிழரசு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடுதான் கஷ்டம், பருப்பில்கூட இனிப்புப் போடுகிறார்கள். நைனாவிடம் சொல், கூடாரம் உறுதியாக இருக்கிறது, நிலம் இப்போது எப்போதாவதுதான் அசைகிறது.

ஜனவரிப் பூகம்பத்துக்குப் பிறகு இந்த ஊரில் பொதுக் கட்டடம் என்று எதுவும் நிற்கவில்லை. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் போயிற்று. எங்கள் டிரஸ்ட் அவற்றைத் திரும்பக் கட்டுகிறது. தண்ணீர் என் பொறுப்பு. இடிபாட்டையே நொறுக்கிப் புதுக் கல் செய்கிறோம். பள்ளிக் கூரையில் விழும் மழை நிலத்தடித் தொட்டிக்குப் போகும். போர்வெல் மோட்டார் சோலார் தகட்டில், வெயிலில் ஓடும், கரண்டே வேண்டாம். திருப்பதியில் நான் டிப்ளமோ படித்த மூன்று வருஷத்தில் இதில் ஒன்றையும் யாரும் சொல்லித்தரவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஊர் நடுவில் ஒரே குழாய் மேடை, எட்டுக் குழாய். ஊர்க்காரர்களுக்கும் ஊருக்கு வெளியே தள்ளி வைத்திருக்கும் நம்மைப் போன்ற ஜனங்களுக்கும் அதுதான். பழைய வரைபடத்தில் அவர்கள் தெருவுக்குத் தனிக் குழாய் இருந்தது. அடித்துவிட்டேன். டீக்கடையில் தனி கிளாசில் குடித்து வளர்ந்தவன் நான். என் கையால் தனிக் குழாய் வரைவேனா?

நீ கிராம சபாவில் காலனிக்குத் தனிக் குழாய் கேட்டு மனு கொடுத்திருக்கிறாயாமே, நைனா எழுதியிருந்தார். எங்களைத் தள்ளி வையுங்கள் என்று நாமே எழுதிக் கொடுப்பதா? மனுவைத் திரும்ப வாங்கு.

உன் தம்பி
தமிழரசு


காலனி, வரதய்யபாளையம் அருகே
2.10.2001

தம்பி தமிழுக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லா இரு. உன் கடிதம் வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று. போஸ்ட்மேன் “குஜராத் கடுதாசி” என்று கத்தியதும் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ரத்தினம்மா வாய் சும்மா இருக்குமா? “இன்னாடி லட்சுமி, உன் தம்பி அங்க எவன் எவனுக்கோ கொயா போட்டுக்கினு கீறானாமே. நமக்கும் ஒண்ணு பார்சல் கட்டி அனுப்பச் சொல்லேன்” என்றாள்.

மனுவைத் திரும்ப வாங்கமாட்டேன்.

தமிழு, இந்த வீட்டில் நீ ஒரு நாளாவது குடம் எடுத்திருக்கிறாயா? படிக்கிற பிள்ளை என்று உன்னை அனுப்பவில்லை. ஊர்க் குழாய்க்குப் போனது நான். அதுவும் பொதுக் குழாய்தான். போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாங்கள் ஏழெட்டுப் பேர் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நிற்போம். அவர்கள் பிடித்து, துவைத்து, மாட்டைக் கழுவி முடித்த பிறகு எங்கள் முறை. பாதி நாள் அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். என் வயசில் பாதிகூட இல்லாத ஒருத்தி சொல்வாள், “கொஞ்சம் தள்ளி நில்லுங்கடி, குடத்துல பட்டுடப் போவுது” என்று. தனிக் குழாய் உனக்கு அவமானமாக இருக்கலாம். எனக்கு அது ரெண்டு குடம் தண்ணீர்.

அந்தத் தெருவில் கேட்டாயா? ஆம்பிளைகளைச் சொல்லவில்லை. குடம் எடுக்கிறவர்களைக் கேட்டாயா?

நைனாவுக்கு இருமல் இருக்கிறது. கேட்டால் “இன்னும் ரெண்டு வருஷம் கியாரண்டி” என்கிறார்.

உன் அக்கா
வெங்கடலட்சுமி


பச்சாவ் அருகே
25.11.2001

அக்காவுக்கு,

நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, டிரஸ்ட் விதி என்பதால் கூட்டம் போட்டேன். பெண்களையும் உட்கார வைத்தோம். வேஜிபாய் என்று ஒரு அம்மா, அந்தத் தெருக்காரர், ஐம்பது வயது இருக்கும். பூகம்பத்தில் மகன் போய்விட்டான். எழுந்து நின்று நேராகக் கேட்டார்: “சாஹேப், எங்க தெருவுக்கு ஒரு பைப் விடு. இருநூறு காலடிதான். நடந்து எண்ணிப் பார்த்துட்டேன்.”

டேப் பிடித்தேன். நூற்று நாற்பது மீட்டர். அந்த அளவுக் குழாய் ஸ்டோரிலேயே கிடக்கிறது. ஆனாலும் முடியாது என்றேன். “நானும் உங்க மாதிரி ஆள்தான். இன்னைக்குத் தனியா வாங்கினா காலத்துக்கும் தனியாத்தான் இருக்கணும்” என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன்.

“நம்மாளா நீ? அப்போ உங்கம்மா எங்கே தண்ணி பிடிச்சாங்க, சொல்லு” என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

தலைக்கு நாற்பது லிட்டர் வீதம் தொட்டி கட்டியாயிற்று. கணக்கில் ஒரு லிட்டர்கூடக் குறையாது. அந்தத் தெரு இத்தனை நாள் இறைத்த பழைய கிணற்றில் கல் சுவர் வெடித்திருக்கிறது. சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். குழாய் வந்த பிறகு அங்கே யார் போகப்போகிறார்கள்? மூடுகிற வேலையை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டேன். டிசம்பரில் திறப்பு விழா. போட்டோ அனுப்புகிறேன்.

தமிழரசு


காலனி
12.1.2002

தம்பிக்கு,

காலனிக்குக் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. ரத்தினம்மா குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, “புதுப் பொண்ணுடி, வெக்கப்பட்டுக்கினு ஊத்துது. போவப் போவ சரியாயிடும்” என்கிறாள். சென்னைக்குக் கம்பி கட்டப் போன ஆம்பிளைகள் பொங்கலுக்கு வந்து, வேடிக்கை பார்க்க ஆளுக்கு ஒரு சொம்பு பிடித்துக் குடித்தார்கள்.

உன் போட்டோ வந்தது. பெரிய தலைப்பாகை கட்டியவரும் அந்தத் தெருப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் போட்டோ எடுத்தவர்கள் போன மறுநாள் யார் முதலில் பிடித்தார்கள், யார் கடைசியில் நின்றார்கள்? ஒரு நாள் காலையில் போய், டேப் எல்லாம் எடுக்காமல், சும்மா ஓரமாக நின்று பார். பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா
வெங்கடலட்சுமி


பச்சாவ் அருகே
4.2.2002

அக்கா,

வேஜிபாய் செத்துப்போனார். ஜனவரி இருபத்தெட்டு, காலை பத்து மணி.

உன் கடிதம் இருபத்திமூன்றாம் தேதியே வந்துவிட்டது. அடுத்த நாள் போய் நின்று பார்த்திருக்கலாம். பக்கத்து ஊரில் வேலை இருந்தது. போகவில்லை.

மூன்று நாள் மேகமூட்டம். மோட்டார் பாதி நேரம்தான் ஓடியது, தொட்டி பாதிதான் நிறைந்தது. ஊர்க்காரர்கள் பிடித்தார்கள், பிறகு எருமைகளுக்குக் காட்டினார்கள், ஒன்பது மணிக்குத் தொட்டி காலி. வெயில் அடித்த நாட்களிலும் அந்தத் தெருவுக்கு ஒரு குடம், ரெண்டு குடம்தான் கிடைத்திருக்கிறது. தலைக்கு நாற்பது லிட்டர் என்று கணக்குப் போட்டவன், கடைசியில் நிற்கிற தலை எது என்று பார்க்கவில்லை. ஒரு மாதமாக அவர்கள் பழைய கிணற்றுக்கே திரும்பியிருக்கிறார்கள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? கேட்டபோதுதான் முடியாது என்றேனே.

தண்ணீர் இறைக்கும்போது வேஜிபாய் கரைக் கல்லோடு சேர்ந்து உள்ளே போய்விட்டார். மேலே கல் சரிந்தது. எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று.

மறுநாளே குழாய்க்குப் பள்ளம் தோண்டினோம். நூற்று நாற்பது மீட்டரும் நான்கு நாளில் முடிந்துவிட்டது. நான்கே நாள், அக்கா.

டிரஸ்ட் அறிக்கை கேட்டது. “பாதுகாப்பான குழாய் இருந்தும், எச்சரிக்கைக் குறியை மீறித் தானாகவே கிணற்றுக்குச் சென்றார்” என்று டைப் அடித்தே வைத்திருந்தார்கள். மேனேஜர் சொன்னார்: “கையெழுத்துப் போடு தமிழ். இல்லேன்னா மத்த ஊர் வேலையும் நின்னுடும்.” போட்டுவிட்டேன். என் வரைபடத்தை மாதிரித் திட்டம் என்று இன்னும் ஆறு ஊரில் கட்டுகிறார்கள்.

நைனாவிடம் சொல்லாதே.

தமிழரசு


காலனி
17.2.2002

தமிழுக்கு,

நைனாவிடம் சொல்லவில்லை.

குறியை மீறிப் போனாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஊர்க் குழாய் நின்றுபோன நாட்களில் நான் எங்கே போனேன் தெரியுமா? ஏரிக்கரைப் பக்கம் படி உடைந்த கிணற்றுக்கு. “அதுல எறங்காதேடி, செத்துடுவே” என்று எனக்கும் சொன்னார்கள். இறங்கினேன். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் நீ பரீட்சைக்குப் போனாய். நான் விழுந்திருந்தால், சொல்லியும் கேட்காமல் போனாள் என்றுதான் எழுதியிருப்பாயா?

நீ நல்லதுக்குத்தான் ஆசைப்பட்டாய். அது எனக்குத் தெரியும். தப்பு யாருக்கும் வரும். ஆனால் உன் தப்பைத் தூக்கிச் செத்தவள் தலையில் வைத்துவிட்டாய். அதை உன் கையால் மாற்று. இன்னும் ஆறு ஊரில் ஆறு தெரு இருக்கிறது.

மாற்றுகிற வரைக்கும் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்கமாட்டேன்.

வெங்கடலட்சுமி


பச்சாவ்
30.3.2002

அக்கா,

மாற்றிவிட்டேன். உறையின் மேலேயே அதை எழுதியிருக்கிறேன், அதனால் பிரித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்தத் தெரு குழாய் கேட்டது, நான் மறுத்தேன், குழாய் ஸ்டோரில் இருந்தது, கிணற்றை மூடாமல் தள்ளிப்போட்டதும் நான்தான் என்று ஒரே பக்கத்தில் இங்கிலீஷில் கையால் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு டிராயரில் போட்டுப் பூட்டினார். “யாரும் உன்னைக் கேட்கவே இல்லையே, பைத்தியமா உனக்கு?” என்றார். அன்றே வேலை போய்விட்டது. ஆறு ஊரில் ரெண்டில் மேடை எழும்பிவிட்டது. மற்ற நான்கிலாவது அந்தத் தெருப் பெண்களிடம் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் வாசலைக் காட்டினார்.

இன்னொரு நகலை வேஜிபாயின் புருஷனிடம் கொண்டுபோனேன். மருமகன் குஜராத்தியில் படித்துக் காட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன். “இதை எங்கே கொடுக்கணும்?” என்று மட்டும் கேட்டார். ஒரே பஸ்ஸில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கியதும் “நீ முன்னாடி போ” என்றார். போனேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வழக்கு என் மேல் வரலாம், டிரஸ்ட் மேல் வரலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். கூப்பிட்டால் வருவதற்கு நான் இங்கேதான் இருக்க வேண்டும். ஒரு மேஸ்திரியிடம் கம்பி கட்டுகிறேன். சித்திரைக்கு வருவேன் என்று நைனா பார்த்துக்கொண்டிருப்பார். வரமாட்டேன். ஏன் என்று இப்போது அவரிடம் சொல்லிவிடு.

ஸ்டேஷனில் நிரந்தர விலாசம் கேட்டார்கள். நம் வீட்டைக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு காகிதம் வரலாம். குஜராத்தியில் இருக்கும், உங்கள் யாருக்கும் படிக்க வராது. போஸ்ட்மேன் நம்மேல் பாசம் உள்ளவர். “ஆளு ஊர்ல இல்லன்னு எழுதித் திருப்பிடட்டுமாம்மா?” என்று கேட்பார். வேண்டாம் என்று சொல். கையெழுத்துப் போட்டு வாங்கு.

தமிழரசு