ஆறு மணிக்கு மேல் பிரெஞ்சு

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
4.8.2024

அன்புள்ள மோனிஷா அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஓட்டலில் ஊருக்கே சமைத்துப் போட்டுவிட்டு, வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுப்பது எனக்குத் தெரியாதா?

போனில் நீங்கள் பிரெஞ்சில் கேட்டால் மகள் ‘ம்’ கொட்டுவதோடு சரி என்று வருத்தப்பட்டீர்களே, நீங்கள் சொன்னபடியே ஆறு மணிக்கு மேல் வீட்டில் பிரெஞ்சு மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். பிரெஞ்சில் கேட்டால்தான் சோறு. ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் ஊசி போட்டுவிட்டு வந்து நானும் என் அரைகுறைப் பிரெஞ்சைப் பேசினேன். அவள் வாயே திறக்கவில்லை. பசிக்கவில்லை என்று ஒரு வாரம் ஒரே பிடிவாதம். பயந்துபோய் எடை பார்த்தால் அரைக் கிலோ கூடியிருக்கிறாள்! பக்கத்து வீட்டுக் கண்ணாயி அக்காவிடம் தமிழில் கேட்டு, தினமும் களி வாங்கித் தின்றிருக்கிறாள். “பச்சப் புள்ளையப் பட்டினி போடறீங்களே, நீங்கெல்லாம் நர்சுங்களா?” என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து வயது வரை அங்கே பிரான்சில் உங்களோடு வாய் ஓயாமல் பிரெஞ்சு பேசியவள் இரண்டே வருஷத்தில் எல்லாவற்றையும் மறந்திருப்பாளா?

அன்புடன்,
தெரசா

லியோன்,
25.8.2024

அன்புள்ள தெரசாவுக்கு,

சிரித்துவிட்டேன், பிறகுதான் கவலை வந்தது. பிள்ளையின் சோற்றில் சட்டம் வேண்டாம், எடுத்துவிடு. ஆனால் முயற்சியை விட்டுவிடாதே. அடுத்த வருஷம் செப்டம்பரில் இங்கே பள்ளியில் சேர்க்கும்போது பிரெஞ்சு வராவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுவார்கள்.

கிடைத்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு வா என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளை கொஞ்ச வருஷம் உன்னிடம், பிறகு என்னிடம் என்று நாம் பேசி முடித்ததுதானே? வேலை முடிந்து வந்தால் பேச்சுக்கு ஆள் இல்லை, தெரசா. சுயநலம்தான். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன்,
நந்தகுமார்

கொல்லிமலை,
22.9.2024

அன்புள்ள மோனிஷா அப்பாவுக்கு,

உங்கள் மகள் ஒன்றையும் மறக்கவில்லை. சனிக்கிழமை சீக்கிரம் பஸ் கிடைத்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி பக்கம், அக்காவின் ஆட்டுக்குட்டிகளைக் கட்டிப்போட்டு, கையில் குச்சியோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அத்தனையும் பிரெஞ்சு! உட்காரச் சொல்வதும் கத்தாதே என்பதும் உங்கள் அதட்டல் அப்படியே. என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

மடியில் வைத்துக் கேட்டேன். “நான் நல்லாப் பேசுனா அப்பாகிட்ட அனுப்பிருவல்ல? நீ இங்கயே இருந்துக்குவ. அதான் மறந்துபோச்சுன்னு சொன்னேம்மா” என்றாள். பிரெஞ்சு சரளமாக வந்ததும் அனுப்பிவிடுவோம் என்று நான் அக்காவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் மறந்துதான் போகட்டுமே என்று நானும் பல நாள் நினைத்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

தெரசா

லியோன்,
13.10.2024

அன்புள்ள தெரசாவுக்கு,

நீ மன்னிப்புக் கேட்காதே. என் பிள்ளை என்னிடம் வரப் பயந்து வாயை மூடிக்கொண்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பள்ளிக்குக் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அவளை எங்கேயும் அனுப்ப வேண்டாம். டிசம்பரில் ஆறு வாரம் லீவு கேட்டிருக்கிறேன், நானே வருகிறேன். அவள் எந்த மொழியில் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

நந்தகுமார்

கொல்லிமலை,
3.11.2024

என் அன்புக்குரியவருக்கு,

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கடிதத்தை வாங்கித் தானும் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக, என்னிடம் பிரெஞ்சில் ஒன்று கேட்டாள்.

“அப்பா வந்தால் திரும்பிப் போய்விடுவாரா?”

என் அரைகுறைப் பிரெஞ்சுக்கே நன்றாகப் புரிந்தது. பதிலை நீங்களே வந்து அவளுக்குச் சொல்லுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
தெரசா