வடக்குக் கொல்லை முந்திரி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? அம்மா நலந்தானே? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், தெருவே கேட்கும். அதனால்தான் கடிதம்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலைக்காக ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் என்னை வீடியோவில் நேர்காணல் செய்தார். வேடிக்கையாக இருந்தது. என்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார், நம் வடக்குக் கொல்லை முந்திரி மரத்தைப் பற்றி அரை மணி நேரம். அந்தப் பருப்பின் புரதம் ஏன் ஒவ்வாமை தருவதில்லை என்பதுதான் என் நான்கு வருட வேலை. இன்னும் அச்சில் வரவில்லை. அவர் நண்பர் ஒருவர் அடுத்த வாரம் நம் ஜெயங்கொண்டம் பக்கம் வருகிறாராம். விண்ணப்பத்தில் நம் வீட்டு முகவரி இருக்கிறது.

அவர் நல்லவராகவும் இருக்கலாம். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் பருப்பு கையில் கிடைத்துவிட்டால் அவருக்கு நான் எதற்கு?

யார் வந்தாலும் காபி கொடுங்கள். "வந்தவங்கள வெறுங்கையோடயா அனுப்புறது?" என்பீர்கள். தெற்குக் கொல்லைப் பருப்பைக் கொடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தக் கடிதம் வருவதற்குள் வடக்குக் கொல்லைப் பருப்பைக் கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன்.

வடக்குக் கொல்லைப் பருப்பில் அரைக் கிலோ எனக்கு அனுப்புங்கள். ஆய்வுக்கு இல்லை, சாப்பிட.

இரவாகிவிட்டது, ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள். முடித்துக்கொள்கிறேன்.

மஞ்சு
புனே