சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்

என் அருமை அப்பாவுக்கு,

இப்பவும் போனை எடுத்தால் கை தன்னால சென்னை–தூத்துக்குடி விமானத்தைத்தான் தேடுது. ஒன்றரை மணி நேரம்னு காட்டுது. பார்த்ததும் எரிச்சலா வருது. மூடி வைக்கிறேன், திரும்பவும் எடுக்கிறேன்.

சென்னைக்கு வெளிய ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதை உங்களுக்குச் சொன்னதே நான்தானே? "எதுக்குப்பா அழுவுதிய? ஒண்ணுன்னா ஒன்றரை மணி நேரத்துல பறந்து வந்துருவேன்." நீங்க அதைச் சர்ச் வாசல்ல, டீக்கடையில, பார்த்தவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்க. "எம்மவ பக்கத்துலதாம்ல இருக்கா!" அந்தத் தைரியத்துல போன கிறிஸ்மஸுக்கும் நான் வரல. ஓவர்டைம் இருந்துச்சு.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்த அன்னைக்கு என் போன் கம்பெனி கேட்டில் லாக்கருக்குள்ள கிடந்தது. அசெம்ப்ளி லைனுக்குப் போகும்போது அங்கே வச்சுட்டுத்தான் போகணும். ஷிப்ட் முடிஞ்சு எடுத்தா, தம்பி பதினெட்டு தடவை கூப்பிட்டிருக்கான். ஆஸ்பத்திரியில அம்மா போனை உங்க காதில் வச்சாங்க. பதற்றத்துல என்ன சொன்னேன்? அதே பேச்சுதான். "ஒன்றரை மணி நேரத்துல வந்துருவேன்ப்பா."

அன்னைக்குக் கடைசி விமானத்துல டிக்கெட் கிடைச்சுது. யூனிபார்மோட ஆட்டோவில் ஏறினேன். வண்டலூர் ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி. ஆட்டோ அண்ணன் ஹார்னை அமுக்கிக்கிட்டே புலம்பினார்: "ஏரோபிளேன் சீக்கிரமாத்தான் போவும்மா. அதாண்ட நாம போவணுமே, இன்னா பண்றது?" நான் போய்ச் சேர்ந்தப்போ கவுன்டர் மூடியாச்சு. கையெடுத்துக் கும்பிட்டும் விடல. ஓடிப்போய் ஊருக்குப் பஸ் ஏறினேன். அது விழுப்புரம் தாண்டும்போது தம்பி அழுதுக்கிட்டே கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களாம். ஒன்றரை மணி நேரம் தாண்டினதும், "பிள்ளை இன்னும் வரலையே, பிளேனுக்கு எதுவும் ஆயிட்டா?"ன்னு அம்மாகிட்ட கேட்டீங்களாம். பொய் சொன்னது நான். அந்த நேரத்திலும் எனக்காகவா பயந்தீங்க, அப்பா?

இப்போ அம்மாவும் அதே பாட்டைப் பாடுறாங்க. "எனக்கென்னட்டி, ஒன்றரை மணி நேரந்தானே." போன வாரம் பொறுக்க முடியாம கத்திட்டேன். "இல்லம்மா! என் ரூம் கதவிலிருந்து நம்ம வீட்டுக் கதவுக்கு ஆறு மணி நேரம். லாரி மறிச்சா அதுவும் இல்ல. அதுக்கும் முன்னாடி போன் என் கையில இருக்கணும்!"

அம்மா சொன்னாங்க: "அப்போ சொகமில்லன்னு கேட்டுட்டுக் கிளம்பாத. நான் நல்லாருக்கும்போதே வா."

நேத்து சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டேன். "ஊர்ல யாருக்கு என்னம்மா?"ன்னார். "யாருக்கும் ஒண்ணுமில்ல சார். எங்கம்மா நல்லா இருக்காங்க. அதான் போறேன்." ஒரு மாதிரியா பார்த்தார். ஆனா கையெழுத்துப் போட்டுட்டார்.

இனி மாசாமாசம் இதையே சொல்லித்தான் லீவு கேட்பேன். சனிக்கிழமை கல்லறைக்கும் வாரேன். எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்காதீங்கப்பா.

காக்க வச்ச உங்க மூத்த மக,
ஜான்சி